கட்டுதலும் மாட்டுதலும்: தமிழ்க் கிறித்தவ இல்லங்களின் கிறித்துமசுக் கைவினை அலங்காரம் – ஒரு பொருள்சார் பண்பாட்டு நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

கிறித்து பிறப்பு விழாவையொட்டித் தமிழ்க் கிறித்தவ இல்லங்களில் குடில், விண்மீன், தாள் தோரணம் முதலியவற்றைக் கையால் செய்து அணிசெய்யும் வழக்கம் நீண்ட காலமாக இருந்து வருகிறது. நாட்டார் வழக்காற்றியல் ஆய்வுகளில் கிறித்தவ வாய்மொழி மரபும் திருவிழாச் சடங்குகளும் பெற்ற கவனத்தை இவ்வில்லக் கைவினை பெறவில்லை. மேலைநாட்டிலிருந்து வந்த விழா வடிவங்கள் தமிழ் நிலத்தின் பொருள்களாலும் கைத்திறனாலும் எவ்வாறு தன்வயமாயின என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. குடில், முளைப்பயிர், விண்மீன், மரம் ஆகிய நான்கு கூறுகளின் மூலப்பொருள், செய்முறை, வழங்குசொற்கள் ஆகியவை ஆராயப்படுகின்றன. ஆயத்தப் பொருள்களின் வரவால் ‘கட்டுதல்’ என்னும் வினை ‘மாட்டுதல்’ என மாறுவதன் பண்பாட்டுப் பொருளும் சுட்டப்படுகிறது.

திறவுச் சொற்கள்

கிறித்துமசுக் குடில், விண்மீன், பொருள்சார் பண்பாடு, தன்வயமாக்கம், முளைப்பயிர், கைவினைச் சொற்கள்.

முன்னுரை

அமெரிக்க நாட்டார் வழக்காற்றியல் அறிஞர் ரிச்சர்டு டார்சன் 1972இல் நாட்டார் வாழ்வியலை வாய்மொழி இலக்கியம், பொருள்சார் பண்பாடு, சமூக வழக்கங்கள், நிகழ்த்து கலைகள் என நான்காகப் பகுத்தார். தமிழாய்வுலகிலும் இப்பகுப்பு பெரிதும் எடுத்தாளப்பட்டு வருகிறது. ஆயினும் நான்கு பிரிவுகளும் ஒத்த கவனத்தைப் பெற்றுள்ளன என்று கூற இயலாது. பாடல், கதை, பழமொழி, விடுகதை ஆகியவை தொகுக்கப்பட்ட அளவிற்குக் கையால் செய்யப்பட்ட பொருள்களும் அவற்றைச் செய்யும் அறிவும் தொகுக்கப்படவில்லை. பாடலை ஒருமுறை எழுதிக்கொண்டால் அது நிலைபெறுகிறது. தாளும் வைக்கோலும் கொண்டு செய்த பொருள் விழா முடிந்ததும் பிரிக்கப்படுகிறது. அடுத்த ஆண்டு மீண்டும் செய்பவர் இருந்தால்தான் அது மரபாகத் தொடரும்.

கிறித்தவம் தமிழ்ச் சூழலில் வேரூன்றிய வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் நூல்களையே சான்றாகக் கொள்வர். வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய தேம்பாவணி, யூதேய நாட்டை நாட்டுப் படலம், நகரப் படலம் என்னும் தமிழ்க் காப்பிய மரபில் வருணிக்கிறது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் குறவஞ்சி என்னும் சிற்றிலக்கிய வடிவத்தைக் கொண்டு பெத்லகேம் குறவஞ்சியைப் படைத்தார். அயல் சமயத்தின் கருத்தைத் தமிழ் வடிவத்தில் வழங்கிய இம்முயற்சிகள் புலமை மரபைச் சார்ந்தவை. ஏடும் எழுத்தாணியும் அறியாத இல்லங்களில் இதே பணி வேறு கருவிகளால் நிகழ்ந்தது. அங்கு மூங்கிலும் வைக்கோலும் பசையும் நூலுமே கருவிகள். சொல்லால் நிகழ்ந்த தன்வயமாக்கத்தோடு கையால் நிகழ்ந்த தன்வயமாக்கத்தையும் இணைத்துக் காண வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

1. குடில்: சொல்லும் பொருளும்

லூக்கா நற்செய்தியின் 2ஆம் அதிகாரம் குழந்தை இயேசு கால்நடைகளின் தீனி வைக்கும் தொட்டியில் கிடத்தப்பட்டதைக் கூறுகிறது. அத்தொட்டி இருந்த கட்டடத்தைப் பற்றி அது எதுவும் கூறவில்லை. இத்தொட்டியைக் குறிக்கப் பழைய சீர்திருத்தச் சபை மொழிபெயர்ப்பு ‘முன்னணை’ என்னும் சொல்லையும், பிற்காலப் பொது மொழிபெயர்ப்பு ‘தீவனத் தொட்டி’ என்னும் தொடரையும் ஆள்கின்றன.

பிறப்புக் காட்சியை அமைக்கும் வழக்கத்தின் தொடக்கமாக, அசிசி நகர் பிரான்சிசு 1223இல் இத்தாலியின் கிரேச்சோ என்னும் ஊரில் நிகழ்த்திய வழிபாடு சுட்டப்படுகிறது. அங்கு உருவங்கள் இல்லை; வைக்கோல் பரப்பிய தொட்டியும், உயிருள்ள எருதும் கழுதையுமே இருந்தன. இவ்விரு விலங்குகளும் நற்செய்திகளில் இடம்பெறாதவை. எசாயா நூலின் முதல் அதிகாரத்தில் வரும் குறிப்பை ஒட்டிப் பிற்கால மரபு இவற்றைப் பிறப்புக் காட்சியில் சேர்த்தது. பின்னர் ஐரோப்பிய மொழிகளில் இக்காட்சிக்கு வழங்கிய பெயர்கள் அத்தொட்டியையோ கால்நடைத் தொழுவத்தையோ குறிப்பனவாக அமைந்தன. ஆங்கிலத்தின் ‘கிரிப்’, பிரெஞ்சின் ‘கிரெஷ்’ ஆகியன தொட்டிப் பெயர்கள். இத்தாலியத்தின் ‘பிரெசேப்பியோ’ தொழுவத்தையும் தொட்டியையும் சுட்டும்.

தமிழ் வழக்கு இங்கு வேறு வழியில் சென்றது. தொட்டியைக் குறிக்கும் சொல்லோ தொழுவத்தைக் குறிக்கும் சொல்லோ விழாப் பொருளின் பெயராக நிலைபெறவில்லை; ‘குடில்’ என்னும் சொல்லே நிலைபெற்றது. குடில் என்பது மனிதர் வாழும் சிறு வீடு. தவக்குடில் முதலிய தொடர்களில் அச்சொல் எளிமையையும் தூய்மையையும் உணர்த்தும். மலையாளத்தில் இதே பொருள் ‘புல்க்கூடு’ எனப்படுகிறது. அப்பெயர் புல்லையும் கூட்டையும் முன்னிறுத்த, தமிழ்ப் பெயர் வீட்டை முன்னிறுத்துகிறது. குழந்தை கிடத்தப்பட்ட தொட்டியிலிருந்து குடும்பம் தங்கிய வீட்டிற்குப் பார்வை பெயர்ந்ததை இப்பெயர்த் தேர்வு காட்டுகிறது.

பெயரின் இம்மாற்றம் செய்முறையையும் வரையறுத்தது. தொட்டியைச் செய்வது தச்சர் வேலை. குடிலுக்குக் கால் நடவும் சட்டம் கட்டவும் கூரை வேயவும் வேண்டும். ஓலையும் வைக்கோலும் வேய்ந்த வீடுகளில் வாழ்ந்தோர்க்கு இது தாம் அன்றாடம் அறிந்த வேலையின் சிற்றுருவாகும். பெரிய வீட்டிற்குக் கூரை வேயும் கை, ஒன்றரை அடி உயரக் குடிலுக்கும் அதே முறையில் வேய்கிறது. ‘குடில் கட்டுதல்’ என்னும் வழக்கு வீடு கட்டுதலைக் குறிக்கும் வினையையே ஏற்றதும் இதனாலேயாம்.

2. நிலமும் மூலப்பொருளும்

தொல்காப்பியம் நிலத்திற்குரிய மரம், விலங்கு, தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என வகுக்கிறது. அகப்பாடலுக்குரிய அவ்விலக்கணத்தை இன்றைய கைவினைக்கு அப்படியே பொருத்துதல் முறையன்று. எனினும், செய்பொருளின் வடிவத்தை நிலம் தீர்மானிக்கிறது என்னும் அடிப்படையை விளக்க அப்பார்வை துணைநிற்கும்.

காவிரிப் படுகை போன்ற நெல் விளையும் பகுதிகளில் குடிலின் கூரைக்கு வைக்கோலே முதன்மைப் பொருள். சம்பா அறுவடைக்கு முன்னர் விழா வருதலின் பெரும்பாலும் முந்தைய போகத்து வைக்கோல் பயன்படுகிறது. தென்னை மிகுந்த பகுதிகளில் முடைந்த கீற்று கூரையாகிறது. ஓலையின் நடுநரம்பாகிய ஈர்க்கு வேலிக்கும் சிறு விண்மீனுக்கும் சட்டமாகிறது. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் தேரிக்காட்டுப் பகுதிகளில் பனையோலையும் பனைநாரும் அவ்விடத்தைப் பெறுகின்றன. தூத்துக்குடி மாவட்டத்தின் மணப்பாடு, பெண்கள் செய்யும் பனையோலைக் கைவினைக்குப் பெயர்பெற்ற கடற்கரை ஊராகும். குருத்தோலை ஞாயிறன்று ஓலையை மடித்துச் சிலுவை செய்யும் அதே விரல் வழக்கம் கிறித்துமசுக்கு ஓலை விண்மீனையும் தோரணத்தையும் செய்கிறது. பனைக்கும் தமிழர் வாழ்விற்கும் உள்ள உறவை ஆ. சிவசுப்பிரமணியன் ‘பனைமரமே! பனைமரமே!’ என்னும் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். அவ்வுறவின் ஒரு சிறு கிளையாக இவ்விழாக் கைவினையைக் கருதலாம்.

குடிலைச் சூழ்ந்த நிலக்காட்சி தனியே கருதத்தக்கது. பழைய செய்தித்தாளையோ சாக்கையோ கசக்கி, களிமண் கரைசலில் தோய்த்துக் கல்லின் மேல் விரித்து உலரவிட்டால் அது மலையாகிறது. மரத்தூளில் பச்சைச் சாயம் ஏற்றினால் புல்வெளி. உடைந்த முகக்கண்ணாடியின் விளிம்பை மணலால் மறைத்தால் குளம். ஆற்று மணல் பாதையாகிறது. இவை யாவும் வீட்டில் கழிக்கப்பட்ட பொருள்களிலிருந்தும் தெருவில் எளிதாகக் கிடைப்பவற்றிலிருந்தும் பெறப்படுவன. மலை, புல்வெளி, வயல், நீர் என நிலவகைகள் ஒரு பலகையின் மேல் அடுத்தடுத்து அமைகின்றன. ஆடும் மாடும் கோழியும் அங்கு உலவுகின்றன. சில இல்லங்களில் யானையும் இடம்பெறுகிறது. பாலைவனப் பயணத்திற்குரிய ஒட்டகம் ஞானியரோடு மட்டும் வருகிறது. காட்சியின் மையம் பெத்லகேமாயினும் அதன் சூழல் செய்பவரின் சொந்த ஊராகவே உருக்கொள்கிறது.

உருவங்கள் மட்டும் பெரும்பாலும் வீட்டில் செய்யப்படுவதில்லை. மண், காகிதக்கூழ், சுண்ணச் சாந்து ஆகியவற்றால் செய்த பொம்மைகள் விலைக்கு வாங்கப்பட்டு, ஆண்டுதோறும் துணியில் பொதிந்து பாதுகாக்கப்படுகின்றன. நவராத்திரிக் கொலுவிற்குப் பொம்மை செய்யும் கைவினைஞர் அப்பருவம் முடிந்தபின் குடில் பொம்மைகளைச் செய்வதும் உண்டு. மூக்கு உடைந்த ஆயனையும் கால் ஒட்டிய கழுதையையும் நீக்காமல் மீண்டும் வைப்பது பல குடும்பங்களின் வழக்கம். கொலுவில் மரப்பாச்சி பெறும் தொடர்ச்சியுரிமையை இங்குப் பழைய பொம்மைகள் பெறுகின்றன. இவ்வழக்கிலிருந்து ஒன்று தெளிவாகிறது: இம்மரபு எக்காலத்தும் முழுமையாக ‘வீட்டிலேயே செய்தது’ அன்று. வாங்கிய பொம்மையும் செய்த சூழலும் இணைந்ததே குடில். அவ்விணைப்பை நிகழ்த்தியது குடும்பத்தின் கை.

3. முளைப்பயிர்

குடிலின் முன்னே பசும்பயிர் வளர்த்து வைப்பது இம்மரபின் குறிப்பிடத்தக்க கூறாகும். நெல், கேழ்வரகு, கடுகு, வெந்தயம் ஆகியவற்றுள் ஒன்றை ஊறவைத்து, மண்ணும் எருவும் கலந்த தட்டிலோ தேங்காய்ச் சிரட்டையிலோ விதைப்பர். நெல்லும் கேழ்வரகும் ஏறத்தாழ 10 முதல் 15 நாள்களில் குடிலுக்கேற்ற உயரத்தை அடையும். கடுகும் வெந்தயமும் அதனினும் விரைவில் வளரும். எனவே டிசம்பர் முதல் இரு வாரங்களுக்குள் எந்த விதையை எந்நாளில் இடுவது என்பதை இல்லத்தார் பின்னோக்கிக் கணக்கிடுகின்றனர். திருவருகைக் காலம் என்னும் நான்கு ஞாயிறுகளின் காத்திருப்பு, இவ்வாறு பயிரின் வளர்ச்சியாகக் கண்முன் தெரிகிறது.

இதனை அம்மன் கோயில் முளைப்பாரியோடு ஒப்பிடுவது இயல்பு. மங்கல நிகழ்வில் முளைத்த தானியத்தைக் கொண்டு செல்லும் வழக்கம் தமிழகத்தில் மிகப் பழைமையானது. சிலப்பதிகார மங்கல வாழ்த்துப் பாடல் பாலிகையும் முளைக்குடமும் ஏந்திய மகளிரைக் குறிப்பிடுகிறது. ஆயினும் இரண்டிற்கும் செய்முறையில் தெளிவான வேறுபாடு உண்டு. முளைப்பாரி பெரும்பாலும் வெளிச்சம் புகாத அறையில் வளர்க்கப்படுதலின் வெளிர்மஞ்சள் நிறம் பெற்று நீண்டு வளரும். குடில் பயிர் வயலையும் புல்வெளியையும் குறிப்பதால் அதற்குப் பச்சை நிறம் வேண்டும். எனவே முளைவிட்ட பின் வெயில்படும் இடத்தில் வைக்கப்படுகிறது. முன்னது வழிபடு பொருள், பின்னது காட்சிப் பொருள் என்னும் வேறுபாட்டைப் பயிரின் நிறமே உணர்த்துகிறது.

இவ்வழக்கம் முளைப்பாரியிலிருந்து மட்டுமே தோன்றியது என முடிவு செய்தலும் பொருந்தாது. தென் பிரான்சின் புரோவான்சுப் பகுதியில் டிசம்பர் 4ஆம் நாளாகிய புனித பார்பரா திருநாளன்று கோதுமையைச் சிறு தட்டுகளில் விதைத்து, கிறித்துமசு மேசையிலும் குடிலிலும் வைக்கும் வழக்கம் இருக்கிறது. கோவாவிலும் கேழ்வரகு முளைகள் குடிலில் இடம்பெறுகின்றன. வேளாண் சமூகங்கள் வெவ்வேறிடங்களில் ஒத்த எண்ணத்தை அடைவது இயல்பே. தமிழ் இல்லத்தில் இவ்வழக்கம் எளிதில் வேரூன்றியதற்கு, முளைப்பயிரை மங்கலமாகக் காணும் மனப்பாங்கு ஏற்கெனவே இங்கு இருந்தது காரணமாகலாம் என்று கூறுவதே தகும்.

4. விண்மீன்: கட்டுமான அறிவு

மத்தேயு நற்செய்தியின் 2ஆம் அதிகாரத்தில் ஞானியரை வழிநடத்தும் விண்மீன் வருகிறது. அதற்கு எத்தனை முனைகள் என்பது எங்கும் கூறப்படவில்லை. தமிழ் இல்லங்களின் முகப்பில் ஏற்றப்படும் கைவினை விண்மீன் பெரும்பாலும் ஐம்முனையுடையது. இதன் மரபைச் செருமனியின் மொரேவியச் சகோதரர்களோடு உடனே தொடர்புபடுத்தத் தோன்றலாம். ஏனெனில் அச்சபையினர் 1760 முதல் தரங்கம்பாடியில் குடியேறி வாழ்ந்தனர். அவர்தம் சபையின் தாள் விண்மீனும் உலகறிந்தது. ஆனால் அவ்விண்மீன் அவர்களுடைய செருமானியப் பள்ளியொன்றில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உருவானது. தரங்கம்பாடிக் குடியேற்றமோ அதற்கு முன்னரே முடிந்துவிட்டது. வடிவமும் வேறு: மொரேவிய விண்மீன் பல கூம்புகளை ஒரு மையத்தில் பொருத்தியது, தமிழக விண்மீன் மூங்கில் சட்டத்தின் மேல் தாள் போர்த்தியது. செய்முறையில் இதற்கு நெருங்கிய உறவுடையது பிலிப்பைன்சு நாட்டின் ‘பரோல்’ என்னும் மூங்கில் விண்மீனாகும். இரண்டு நாடுகளிலும் மூங்கில் மலிவாகக் கிடைப்பது இவ்வொற்றுமைக்குப் போதிய விளக்கம் தரும்.

இதன் செய்முறை எழுதப்படாத ஒரு வடிவவியல் அறிவைக் கொண்டது. நன்கு விளைந்த மூங்கிலைப் பிளந்து, சம நீளமும் சம கனமும் உடைய 10 பிளாச்சுகளைச் சீவிக்கொள்வர். ஐந்து பிளாச்சுகளை ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக இட்டு, ஒன்று மேலும் அடுத்தது கீழுமாகப் பின்னி, ஐந்து நுனிகளையும் நூலாலோ மெல்லிய கம்பியாலோ கட்டுவர். இந்நிலையில் சட்டம் அசைந்துகொண்டிருக்கும். உள்ளே பிளாச்சுகள் வெட்டிக்கொள்ளும் ஐந்து இடங்களையும் சரிசெய்து கட்டிய பின்னரே அது உறுதிபெறும். பிளாச்சின் நீளம் 3 அடி, அதாவது 36 அங்குலம் எனில், ஒவ்வொரு வெட்டுப்புள்ளியும் நுனியிலிருந்து ஏறத்தாழ 13¾ அங்குலத்தில் அமையும். நடுப்பகுதி 8½ அங்குலம் இருக்கும். நுனிக்கோணம் 36 பாகை. செய்பவர் இதனைக் கணக்கிடுவதில்லை. ஒரு நுனியில் அளந்த நீளத்தை ஈர்க்கில் குறித்துக்கொண்டு மற்ற நுனிகளில் ஒப்பிட்டுப் பார்த்தே சரிசெய்கின்றனர். நடுவே தோன்றும் ஐங்கோணம் ஒழுங்காக இருக்கிறதா என்பதே அவர்களது சோதனை.

இவ்வாறு இரு சட்டங்கள் அமைத்து, அவற்றின் ஐந்து நுனிகளையும் ஒன்றாகக் கட்டுவர். பின்னர் உள்வெட்டுப் புள்ளிகளுக்கிடையே ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த ஐந்து குச்சிகளை நிறுத்தினால் இரு சட்டங்களும் விலகி வயிறு பருக்கும். இங்குதான் மூங்கிலின் சிறப்பு வெளிப்படுகிறது. வளையாத மரச்சட்டமாயின் இவ்விழுப்பில் முறியும் அல்லது கட்டு அவிழும். மூங்கில் வளைந்து, மீண்டும் நிமிர முயன்று, அவ்விறுக்கத்தாலேயே வடிவத்தைத் தாங்கும். முன்புறத்தில் ஐந்து முக்கோணங்களும் ஒரு ஐங்கோணமும், பின்புறத்திலும் அவ்வாறே, பக்கங்களில் பத்து ஒடுங்கிய முக்கோணங்களும் என 22 முகங்கள் அமைகின்றன. அவற்றின் மேல் காற்றாடித் தாளையோ கண்ணாடித் தாளையோ ஒட்டுவர். பசையால் சற்று ஈரமேறிய காற்றாடித் தாள் உலரும்போது சுருங்கி விறைப்பாக நிற்கும். விளக்கு வைக்கவும் வெப்பம் வெளியேறவும் பின்புறத்திலோ கீழ்ப்புறத்திலோ திறப்பு விடப்படும். அகல்விளக்கும் மெழுகுவர்த்தியும் எரிந்த காலத்தில் வயிறு பருத்த வடிவம் அழகுக்காக மட்டும் அமைந்ததன்று. சுடருக்கும் தாளுக்கும் இடைவெளி தரும் பாதுகாப்பாகவும் அது இருந்தது.

பசையும் இவ்வறிவின் பகுதியே. சோற்றுக்கஞ்சி, மைதா, புளியங்கொட்டை மாவு ஆகியவற்றைக் காய்ச்சிப் பசை எடுப்பர். பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் சிறிது சேர்ப்பது நூல்கட்டுவோரிடமிருந்து வந்த வழக்கமாகலாம். பிளாச்சு, சிம்பு, ஈர்க்கு, பசை, துத்தம், சரம், ஜிகினா எனும் இச்சொற்கள் காற்றாடி செய்வோர், பந்தல் போடுவோர், நூல்கட்டுவோர் எனப் பல தொழிலாளரின் சொல்வளத்திலிருந்து ஒரு வீட்டு முற்றத்தில் ஒன்றுசேர்கின்றன.

5. மரமும் பனியும்

தமிழகச் சமவெளியில் ஊசியிலை மரங்கள் இயல்பாக வளர்வதில்லை. எனவே கிறித்துமசு மரத்தின் இடத்தைச் சவுக்கு பெற்றது. அதன் மெல்லிய கிளைகள் தொலைவிலிருந்து நோக்க ஊசியிலையை ஒத்திருக்கும். சவுக்கும் இம்மண்ணுக்குத் தொன்மையான மரமன்று. 19ஆம் நூற்றாண்டில் விறகுத் தேவைக்காகவும் தொடர்வண்டி எரிபொருளுக்காகவும் சோழமண்டலக் கடற்கரையில் பெருமளவில் பயிரிடப்பட்டது. வந்தேறிய விழா வழக்கு ஒன்றிற்கு வந்தேறிய மரம் ஒன்று துணையானது. தன்வயமாக்கம் என்பது தொன்மையான பொருள்களால் மட்டுமே நிகழ்வதன்று, கைக்கு எட்டும் பொருள்களால் நிகழ்வது என்பதை இது உணர்த்துகிறது.

மரத்தின் மேலும் குடில் கூரையின் மேலும் பஞ்சைப் பிய்த்து வைப்பது மேலைநாட்டு வாழ்த்தட்டைகளின் தாக்கம். இங்கு ஒரு சொல்லாய்வுக் குறிப்பு இன்றியமையாதது. தொல்காப்பிய உரையாசிரியர்கள் மார்கழியையும் தையையும் முன்பனிக்காலம் என்பர். அப்பனி இரவில் இறங்கும் ஈரமும் குளிருமாம். ஐரோப்பாவில் வானிலிருந்து வெண்துகளாக விழுவதற்கும் தமிழ் இதே சொல்லை வழங்குகிறது. ஒரு சொல் இரு பொருளுக்கும் இடந்தருதலின், பஞ்சாலாகிய பனி தமிழ்க் குடிலின் மேல் முரண்பாடின்றி அமர்கிறது. மார்கழியில் பனி பெய்வது தமிழர்க்குத் தெரிந்த உண்மை. அது எந்தப் பனி என்பதைச் சொல் கேட்பதில்லை. பொருளால் நிகழும் தன்வயமாக்கத்திற்கு மொழி வழியமைத்துத் தருவதற்கு இது தக்க சான்றாகும்.

6. உழைப்புப் பகிர்வும் காலமும்

இக்கைவினையில் ஒவ்வொரு வயதினருக்கும் ஒரு பணி அமைந்திருக்கிறது. மூங்கில் பிளப்பது முதியோர் வேலை. கத்தியின் போக்கை அறிந்தவரே கணு முறியாமல் பிளக்க இயலும். சட்டம் கட்டுவது இளைஞர் வேலை. தாளை வெட்டி வளையங்களாக்கிச் சங்கிலி கோப்பதும், விதைத்த தட்டிற்கு நீர் தெளிப்பதும் சிறுவர்க்குரியன. பசை காய்ச்சுவதும் பொம்மைகளைத் துடைத்து அடுக்குவதும் பெரும்பாலும் பெண்கள்மேல் விழுகின்றன. விழாக்காலப் பலகாரமும் வீடு தூய்மை செய்தலும் அவர்கள் பொறுப்பாதலின், இக்கைவினை பெண்களின் உழைப்பைக் கூட்டியது என்பதையும் ஆய்வு மறைக்கலாகாது.

குடிலுக்குள் காலமும் ஒழுங்குற அமைகிறது. டிசம்பர் 24 நள்ளிரவு வரை தொட்டி வெறுமையாக இருக்கும். வழிபாட்டின்போதோ அது முடிந்து திரும்பிய பின்னரோ குழந்தை உருவம் வைக்கப்படும். ஞானியர் உருவங்களைத் தொலைவில் வைத்து நாள்தோறும் சிறிது நகர்த்தி, மூவரசர் திருநாளாகிய ஜனவரி 6இல் குடிலை அடையச் செய்யும் வழக்கமும் சில இல்லங்களில் உண்டு. விழா நாள்காட்டியைச் சிறுவர் கையால் கற்கும் கல்விமுறை இது. திருத்தந்தை பிரான்சிசு 2019 டிசம்பர் 1இல் கிரேச்சோவில் வெளியிட்ட திருத்தூது மடல், குடிலமைக்கும் வழக்கம் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குக் கையளிக்கப்படுவதைச் சிறப்பாகக் குறிப்பிட்டு, அதனைத் தொடருமாறு ஊக்குவிக்கிறது.

7. கட்டுதலிலிருந்து மாட்டுதலுக்கு

இன்று மடக்கத்தக்க அட்டை விண்மீன், நெகிழி மரம், வார்ப்பில் செய்த முழுக் குடில், மின்சரம் ஆகியவை கடைகளில் எளிதாகக் கிடைக்கின்றன. இம்மாற்றத்தைப் பேச்சு வழக்கு நுட்பமாகப் பதிவு செய்திருக்கிறது. மூங்கில் விண்மீனுக்கு ‘ஸ்டார் கட்டுதல்’ என்பது வழக்கு. அங்குக் ‘கட்டு’ என்னும் வினை செய்தல், பிணைத்தல், உயரத்தில் ஏற்றிக் கட்டுதல் ஆகிய மூன்றையும் தழுவி நிற்கிறது. வாங்கிய விண்மீனுக்கு ‘ஸ்டார் வாங்கி மாட்டுதல்’ என்பதே இயல்பான தொடர். மூன்று செயல்களுள் கடைசி மட்டுமே இல்லத்தாருக்கு எஞ்சுகிறது. அவ்வாறே ‘குடில் கட்டுதல்’ என்பது ‘குடில் வைத்தல்’ எனச் சுருங்குகிறது.

ஆயத்தப் பொருளுக்கு உரிய நன்மைகளை மறுத்தல் நேர்மையாகாது. மின்விளக்கு தீ அச்சத்தைக் குறைத்தது. அடுக்ககக் குடியிருப்பில் மூங்கில் பிளக்க முற்றம் இல்லை. வேலைக்குச் செல்வோர்க்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, நேரம் மிச்சமாகிறது. பொம்மைகள் எக்காலத்தும் வாங்கப்பட்டவையே என்பது முன்னரே கூறப்பட்டது. எனவே வாங்குவதா செய்வதா என்பது இங்கு வினாவன்று. வாங்கிய பொருளில் இல்லத்தாரின் கை சேர்வதற்கு இடம் எஞ்சுகிறதா என்பதே வினா. மண்பொம்மை ஒரு சூழலை வேண்டி நின்றது; அதைக் கட்டிய கை தன் ஊரை அங்குக் கொண்டுவந்தது. முழுமையாக வார்க்கப்பட்ட குடிலில் மலையும் மரமும் கூரையும் ஏற்கெனவே தீர்மானிக்கப்பட்டவை. அங்கு நெல்வயலுக்கும் பனையோலைக்கும் இடமில்லை. கையால் தமிழ்நிலத்திற்கு வந்த விழா வடிவம், கை விலகியதும் மீண்டும் நிலமற்றதாகிறது.

பங்குகள் நடத்தும் குடில் போட்டிகள் இக்கைவினையைத் தொடரச் செய்கின்றன. எனினும் போட்டி அளவையும் புதுமையையும் நாடுவதால், இல்லத்தின் எளிய குடிலுக்குரிய செய்முறை அங்கு முழுமையாகக் கடத்தப்படும் எனக் கொள்வதற்கில்லை.

முடிவுரை

மேற்கண்ட விளக்கங்களால் பின்வருவன பெறப்படுகின்றன. கிறித்து பிறப்புக் காட்சிக்குத் தமிழ் வழங்கிய ‘குடில்’ என்னும் பெயர், தொட்டியிலிருந்து வீட்டிற்குப் பார்வையைப் பெயர்த்து, கூரை வேயும் அறிவை விழாவுக்குள் கொணர்ந்தது. வைக்கோல், பனையோலை, மூங்கில், சவுக்கு, முளைப்பயிர் ஆகிய நிலம்சார் பொருள்கள் அயல் வடிவங்களைத் தன்வயமாக்கின. ஐம்முனை விண்மீனின் செய்முறை, எழுத்துவடிவம் பெறாத வடிவவியல் அறிவையும் பல தொழில்களின் சொல்வளத்தையும் தாங்கி நிற்கிறது. ‘கட்டு’ என்னும் வினையின் தளர்ச்சி, இவ்வறிவு கைமாறுவது குறைவதற்கான மொழிச்சான்றாகும்.

ஒரு பொருளை அருங்காட்சியகத்தில் வைக்க இயலும். ஆண்டுதோறும் பிரித்துக் கட்டப்படும் பொருளின் செய்முறையை அவ்வாறு வைக்க இயலாது. செய்முறையைச் செய்பவரின் சொற்களிலேயே பதிவு செய்வதும், வட்டாரந்தோறும் மூலப்பொருட் பெயர்களையும் வினைச்சொற்களையும் தொகுப்பதும் தமிழ்த்துறைகள் உடனடியாக மேற்கொள்ளத்தக்க பணியாகும். மூங்கிலைக் கணு முறியாமல் பிளக்கத் தெரிந்த தலைமுறை இன்னும் பல இல்லங்களில் வாழ்கிறது. தொகுப்பு அவர்களிடமிருந்து தொடங்க வேண்டும்.